அரையாண்டு விடுமுறையில் ஐரோப்பிய கிறிஸ்துமஸ் சந்தைகள்: தேதி ஒத்துவருமா? அஞ்சு பேர், 9 நாள்

கேள்வி: தங்கச்சிமடம் அலை

வணக்கம். நாங்க ரெண்டு பேர், அம்மா (64 வயசு, சர்க்கரைக்கு இன்சுலின் போடுறாங்க, முழங்கால் வலியும் உண்டு), பிள்ளைங்க ரெண்டு பேர் (13, 7). அரையாண்டுப் பரீட்சை டிசம்பர் 22 முடியுது, பள்ளி ஜனவரி 5 திறக்குது. ஐரோப்பாவுல கிறிஸ்துமஸ் சந்தை பாக்கணும்ங்கிறது பிள்ளைங்க ஆசை. 24 ராத்திரி ஒரு பெரிய கோயில்ல நள்ளிரவுப் பூசை பாக்கணும்ங்கிறது அம்மா ஆசை.

இப்ப வச்சிருக்கிற திட்டம்: 24 ஃபிராங்க்ஃபர்ட் இறங்கி அங்கேயே பூசை, 26 நியூரம்பெர்க், 27 கொலோன், 28 ஸ்ட்ராஸ்பூர்க், 30 பாரிஸ், 1-ஆம் தேதி திரும்புறது. இதுல எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க. விசா எந்த நாட்டுக்குப் போடணும்? வீட்டுக்காரருக்குக் கருவாட்டு வியாபாரம், வரவு பாதிக்கு மேல ரொக்கம். அது சிக்கலாகுமா? குளிருக்கு என்னென்ன வாங்கணும், எத்தனை வாங்கணும்? கருவாடு, பொடி வகை கொண்டுபோக விடுவாங்களா?

பதில் 1: பாம்பன்கரை

தங்கச்சி, ஊரை எல்லாம் நல்லாத்தான் பிடிச்சிருக்கீங்க. தேதிதான் உதைக்குது. ஜெர்மனியில கிறிஸ்துமஸ் சந்தைங்கிறது கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு வார திருவருகைக் காலத்துக்கானது. திருநாள் வந்ததும் கடையைக் கட்டிடுவாங்க. நியூரம்பெர்க் சந்தை திருவருகைக் கால முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளி திறந்து, டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கு முடியும். கொலோன் பேராலயத்து முன்னாடி நடக்கிற சந்தை 23-லேயே முடிஞ்சிடும். ஃபிராங்க்ஃபர்ட்டும் அப்படித்தான். ஸ்ட்ராஸ்பூர்கிலும் திருநாளை ஒட்டியே பிரிக்க ஆரம்பிச்சிடுவாங்க. உங்க திட்டப்படி போனா பலகைக் கடைகளைக் கழட்டி லாரியில ஏத்துறதைத்தான் பிள்ளைங்க பாப்பாங்க.

நம்ம பள்ளி விடுமுறையில போறவங்க கிழக்கே தள்ளிப் போகணும். செக் நாட்டு ப்ராக்ல பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரைக்கும் இருக்கும். வியன்னாவுல நகரமன்றத்து முன்னாடி நடக்கிற பெரிய சந்தை 26 வரை. ஷ்யோன்ப்ரூன் அரண்மனை முற்றத்துச் சந்தை ஜனவரி முதல் வாரம் வரை. சால்ஸ்பூர்க் பேராலயத் திடல் சந்தை ஜனவரி 1 வரை. வியன்னாவுக்குள்ளேயே கார்ல்ஸ்பிளாட்ஸ், ஸ்பிட்டல்பெர்க் சந்தைகள் 23-ல முடிஞ்சிடும், அதைத் தேடி அலையாதீங்க. அந்தந்த நகரம் அந்த வருஷத்துத் தேதியை இலையுதிர் காலத்துல வெளியிடும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை பாத்துக்கோங்க.

அதனால என் யோசனை, வியன்னா 5 ராத்திரி (24 முதல் 28 வரை), ப்ராக் 3 ராத்திரி (29, 30, 31), 1-ஆம் தேதி ப்ராக்கிலிருந்தே ஊருக்கு விமானம். போறது வியன்னாவுக்கு, திரும்புறது ப்ராக்கிலிருந்துன்னு ஒரே டிக்கெட்டா எடுங்க. விமான நிறுவனத் தளத்துல 'பல நகரம்'னு தேர்வு இருக்கும். தனித்தனியா ரெண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தா பெரும்பாலும் விலை ஏறும். அம்மாவோட முழங்காலுக்கு ரெண்டு நகரமே சரி. அஞ்சு நகரம்னா அஞ்சு தடவை பெட்டியைத் தூக்கணும்.

அம்மா பூசைக்கு வியன்னா புனித முடியப்பர் பேராலயம். ஸ்டெஃபான்ஸ்டோம்னு கேட்டா எல்லாரும் காட்டுவாங்க. 24 ராத்திரி 12 மணிக்குப் பூசை. உக்கார இடம் வேணும்னா பதினொண்ணுக்கு முன்னாடியே உள்ள இருக்கணும். தெற்குக் கோபுரம் 136 மீட்டர், வானத்துல எங்க நின்னாலும் தெரியும், வழி தவறாது. கல்லுக் கட்டடம், உள்ளயும் குளிரும், கோட்டைக் கழட்ட வேண்டாம். பூசை ஜெர்மன்லயும் லத்தீன்லயும் இருந்தாலும் வரிசைமுறை நம்ம ஊர்ப் பூசைதான், அம்மாவுக்கு எந்த இடத்துல என்னன்னு தெரியும். வாசல்லயே ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ நிலையம், யு1, யு3 ரெண்டும் நிக்கும். விடுமுறைக்கு முந்தின ராத்திரியில வியன்னா மெட்ரோ விடிய விடிய ஓடும், அதனால திரும்பி வர கவலை இல்ல.

ஊர்லேருந்து கிளம்புறதைக் கொஞ்சம் யோசிங்க. 24 அதிகாலை 2 மணி விமானம்னா 23 ராத்திரி 10-க்கே சென்னை விமான நிலையத்துல இருக்கணும். '24-ஆம் தேதி விமானம்'னு 24 காலையில ஊர்லேருந்து கிளம்பி ஏமாந்தவங்க உண்டு. டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்று வேகம் கூடினா பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்திடுவாங்க. 22 பரீட்சை முடிஞ்ச கையோட ராத்திரி ரயில்ல ஏறிடுங்க, 23 முழுக்க சென்னையில கையில இருக்கும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடிதான் திறக்கும், அதை நாள்காட்டியில குறிச்சு வைங்க. புயல் எச்சரிக்கை இருந்தா பாலத்தை நம்பாம ராமநாதபுரம் வரைக்கும் கார்ல வந்து ஏறுங்க. இல்ல மதுரைக்கே சாலையில போயிடுங்க.

பதில் 2: மண்டபம் முகாம் ரோடு

விசா விஷயம் நான் சொல்றேன்.

விதி இதுதான்: ரெண்டு நாட்டுக்கும் சேத்து ஒரே விசா (ஷெங்கன்) போதும், எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும். ராத்திரி சமமா வந்தா முதல்ல காலடி வைக்கிற நாடு. மேல சொன்ன மாதிரி 5+3 வச்சா வியன்னா இருக்கிற ஆஸ்திரியா, குழப்பமே இல்ல. சீக்கிரம் தேதி கிடைக்குதுன்னு வேற நாட்டு விசா எடுத்துட்டு வியன்னாவுல தங்குறது தப்பு, எல்லையில கேள்வி வரும்.

பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்து போடலாம், கடைசி எல்லை 15 நாள். டிசம்பர் 24-ன்னா ஜூன் 24-லேருந்து. தீர்ப்பு வர பொதுவா 15 நாள், கூடுதல் ஆவணம் கேட்டா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். அக்டோபர், நவம்பர்ல சென்னை விசா விண்ணப்ப மையத்துல நேரம் கிடைக்கிறது கஷ்டம். ஆகஸ்ட், செப்டம்பர்ல முடிச்சிடுங்க. நேரம் பதிவு பண்ணித் தர்றேன்னு ஆயிரக்கணக்குல கேட்கிறவங்ககிட்ட போகாதீங்க, அந்தப் பதிவு தளத்துலயே நேரடியாப் பண்ற வேலைதான்.

கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ. 6 வயசு முடிஞ்சு 12 ஆகாத பிள்ளைக்கு 45. ஆறுக்குக் கீழ இலவசம். உங்க வீட்டுல நாலு 90, ஒரு 45, ஆக 405 யூரோ, மையத்துச் சேவைக் கட்டணம் தனி. எல்லாரும் நேர்ல போகணும். 12 வயசுக்குக் கீழ விரல்ரேகை கிடையாது, பெரியவனுக்கு உண்டு. பாஸ்போர்ட் கடைசி 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், நீங்க ஐரோப்பாவை விட்டுக் கிளம்புற நாளுக்கு அப்புறம் 3 மாசம் செல்லுபடி இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். பிள்ளைங்க பாஸ்போர்ட் 5 வருஷம்தான், அதை முதல்ல எடுத்துப் பாருங்க.

ரொக்க வியாபாரம்னு சொன்னீங்க. ரொக்கமா வர்றதுனால மட்டும் மறுக்க மாட்டாங்க. கணக்குல காட்டாத ரொக்கம்தான் கழுத்தைப் பிடிக்கும். வருஷம் முழுக்க நாப்பதாயிரம், ஐம்பதாயிரம்னு ஓடிட்டிருந்த கணக்குல விண்ணப்பத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆறு லட்சம் ஒரே தவணையில வந்தா, அது கடன் வாங்கி நிரப்பின பணம்னுதான் எடுத்துக்குவாங்க. இப்பவே ஆரம்பிச்சு விற்பனைப் பணத்தை வாரா வாரம் வங்கியில போடுங்க. 6 மாசக் கணக்குச் சுருக்கம் சீரா இருந்தா போதும். மூணு வருஷ வருமான வரிக் கணக்கு, உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு), உணவுப் பாதுகாப்பு உரிமம், ஏற்றுமதி இருந்தா எம்பீடா (கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு, ஜிஎஸ்டி இருந்தா அதுவும். கருவாட்டு யாவாரத்தை ஒரு பக்கத்துல விளக்கி, சரக்கு எங்கேருந்து வருது, யாருக்குப் போகுது, வருஷ வரவு எவ்வளவுன்னு எழுதி வைங்க. கோப்பைப் பாக்கிற அதிகாரிக்கு மீன் உலர்த்துற களம் எப்படி இருக்கும்னு தெரியாது. தொழில் ஊர்ல இருக்கு, திரும்பி வருவாங்கன்னு அவருக்குப் புரியணும்.

பிள்ளைங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், பள்ளியில விடுப்புக் கடிதம். இது மத்தவங்களுக்கும் சேத்துச் சொல்றேன்: அப்பா வளைகுடாவுல இருந்து அம்மா மட்டும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா, வராத பெற்றவரோட சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்தோட வேணும்.

காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோ, போற நாள், வர்ற நாள் உட்பட. உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதால ஏற்கெனவே இருக்கிற நோயினால வர்ற அவசர சிகிச்சையையும் ஏத்துக்கிற திட்டமா எடுங்க. மலிவான திட்டம் விசாவுக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது.

எல்லையில இப்ப முத்திரை குத்துறதுக்குப் பதிலா முதல் தடவை நுழையும்போது முகப்படமும் விரல்ரேகையும் எடுத்துப் பதியுறாங்க, வரிசை நீளும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாப் போனா இந்தச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடக்கும், அதனால அடுத்த விமானத்துக்கு மூணு மணி நேரமாவது இடைவெளி வைங்க. தோஹா, துபாய் வழின்னா சோதனை வியன்னாவுலதான், நிதானமா நிக்கலாம்.

தங்கச்சிமடம் அலை

ரொம்ப நன்றிண்ணே. தேதி விஷயம் எந்த ஏஜென்ட்டும் சொல்லல. வியன்னா, ப்ராக்னே முடிவு பண்றோம். அம்மா எப்பவும் சேலைதான் கட்டுவாங்க. அந்தக் குளிருக்கு முடியுமா? 24 மதியம் இறங்கினா அன்னிக்குச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பதில் 3: தேவிபட்டினம் உப்புக்காற்று

சேலை கட்டலாம் அக்கா, உள்ள போடுறதுலதான் விஷயம் இருக்கு.

நம்ம கரையில டிசம்பர் ராத்திரிகூட 22, 23 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். வியன்னா, ப்ராக்ல அந்த வாரம் பகல்ல 2, 3 டிகிரி, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ. பனி கொட்டும்னு உறுதி கிடையாது, பல வருஷம் வெறும் ஈரக்குளிரும் மேகமும்தான். சூரியன் எட்டு மணிக்கு எழும்பி நாலு மணிக்கு அடைஞ்சிடும். பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. சந்தை விளக்குகளுக்கு அந்தச் சீக்கிர இருட்டுதான் அழகு, நாலரைக்கே எல்லாம் எரியும்.

ஒரே தடிமனான ஸ்வெட்டரை நம்பாதீங்க. மூணு அடுக்கு வேணும். உடம்போட ஒட்டுறது தெர்மல், பாலியஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளி. பருத்தி வேண்டாம், ஏன்னா வேர்வையை உறிஞ்சி வச்சுக்கும், வெளிய வந்ததும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துடும். அதுக்கு மேல ஃபிளீஸ் (மெத்துன்னு இருக்கிற செயற்கை இழைச் சட்டை) இல்லன்னா கம்பளி. அதுக்கும் மேல காத்தும் மழையும் உள்ள விடாத கோட்டு, இடுப்புக்குக் கீழ தொடை வரை வர்றது. ட்ராம், கடை, அருங்காட்சியகம் எல்லாத்துலயும் உள்ள 21, 22 டிகிரி சூடு இருக்கும். ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்ட வேண்டியிருக்கும், அதனால தலை வழியா மாட்டுறதை விட முன்னாடி ஜிப் வச்சது நல்லது.

ஆளுக்கு தெர்மல் 2 செட், ஃபிளீஸ் 1 (ஏழு வயசுக்காரனுக்கு 2, சாப்பாட்டை மேல சிந்திக்குவான்), கோட்டு 1, கம்பளிக் காலுறை 4 ஜோடி, காது மூடுற தொப்பி 1, கையுறை 1, பிள்ளைங்களுக்குக் கையுறை 2 ஜோடி, ஒண்ணு கட்டாயம் தொலையும். கழுத்துக்கு சால்வையை விடக் குழாய் மாதிரி மாட்டுற கழுத்துறை பிள்ளைங்களுக்குச் சௌகரியம். ஷூ அரை அளவு, ஒரு அளவு பெருசா எடுங்க, கம்பளிக் காலுறை போட்டதும் விரல் அசையணும். இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால்தான் முதல்ல மரத்துப் போகும். அடிப்பாகம் ஆழமான பள்ளம் வச்ச ரப்பரா இருக்கணும். ரெண்டு ஊர்லயும் பழைய நகரம் முழுக்க உருண்டைக் கல் பாவின தெரு, ஈரத்துல வழுக்கும். அம்மாவுக்கு ஒரு மடக்குத் தடி எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும் சென்னையிலேயே வாங்கிடுங்க. நீங்க இறங்குற 24 மதியத்துலேருந்து 26 முடிய அங்க துணிக்கடை எதுவும் திறக்காது.

அம்மா சேலைக்கு: உள்பாவாடைக்கு உள்ள தெர்மல் கால்சட்டை, அதுக்கு மேல கம்பளி லெக்கின்ஸ், மேல முழுக்கை தெர்மல் போட்டு அதுக்கு மேல ரவிக்கை. ரவிக்கையை ஒரு அளவு தளர்வா ஒண்ணு தைச்சுக்கோங்க. சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேல கட்டணும். கீழ்க்கரை பனியிலயும் தெருத்தண்ணியிலயும் நனைஞ்சா, அந்த ஈரம் நூல் வழியா முழங்கால் வரை ஏறும். கரையைச் சுத்தி உள்ளே ரெண்டு ஊக்கு குத்திவிட்டா நடக்கும்போது இறங்காது. எஸ்கலேட்டர்ல ஏறும்போது முந்தானையைக் கோட்டுக்குள்ள சொருகிடணும். பட்டு வேண்டாம், கனமான சிந்தெடிக் சேலை சீக்கிரம் காயும்.

இன்சுலின் உறையக் கூடாது, உறைஞ்சா பிறகு உருகினாலும் வேலை செய்யாது. கோட்டு வெளிப்பையிலயோ, விமானத்துல சரக்குப் பெட்டியிலயோ வைக்காதீங்க. கைப்பையில, வெளிய நடக்கும்போது ஃபிளீஸுக்கு உள்பக்கப் பையில. ரத்தச் சர்க்கரை பாக்கிற கருவியும் குளிர்ல தப்பாக் காட்டும், இல்லன்னா பிழைன்னு வரும். அறைக்குள்ள வந்து கை சூடான பிறகு பாருங்க. டாக்டர்கிட்ட மருந்தோட பொதுப்பெயர் போட்டு ஆங்கிலத்துல ஒரு கடிதம், ஊசியோட சேத்து. நேர வித்தியாசம் நாலரை மணி நேரம், ஊசி நேரத்தை எப்படி நகர்த்துறதுன்னு டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிடும். பாட்டில்ல கொண்டுபோனா வெளியவே வராது, வாயகன்ற டப்பாவுல எடுங்க. அறைச் சூட்டுக் காத்து ரொம்ப உலர்ந்தது. உதடு, பாதம், பிள்ளைங்க மூக்கு எல்லாம் வெடிக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் இல்ல வாசலின் தடவுங்க. செல்போன் பேட்டரி குளிர்ல திடீர்னு இறங்கும், 30% காட்டும்போதே அணைஞ்சிடலாம். உள்பையில வச்சா நிக்கும்.

பதில் 4: கீழக்கரை வடக்குத்தெரு

சாப்பாடு பத்தி. 24 மதியம் 2 மணியோட கடை எல்லாம் பூட்டிடுவாங்க. 25 திருநாள், 26 புனித முடியப்பர் நாள், ரெண்டும் அரசு விடுமுறை. மூணு நாளுக்கான அரிசி, முட்டை, பால், ரொட்டியை இறங்கின உடனே வாங்கணும். விட்டுப்போனா பெரிய ரயில் நிலையங்களுக்குள்ள இருக்கிற சூப்பர் மார்க்கெட் மட்டும் விடுமுறையிலும் திறந்திருக்கும், வியன்னா மத்திய நிலையத்துல இருக்கு. கூட்டம் அள்ளும், காலையிலேயே போயிடணும். அதனால தங்குறது சமையலறை வச்ச அடுக்ககமா இருக்கட்டும். ஓட்டல் அறையில அடுப்பு மூட்டக் கூடாது, புகை உணரி அலறும்.

இப்ப கருவாடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. நெய், பன்னீர், பால்கோவா, கறி ஊறுகாய் எதுவும் கூடாது. மீனுக்குத் தனி விதி: காய்ஞ்சதோ, சுட்டதோ, உப்புப் போட்டதோ, ஆளுக்கு 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்கு அனுமதி. பச்சை மீன்னா குடல் எடுத்திருக்கணும். ஆக நெத்திலியும் இறால் கருவாடும் தாராளமாப் போகலாம். அதுக்காக வாளைக் கருவாட்டைத் தூக்கிட்டுப் போய் அடுக்ககத்துல பொரிக்காதீங்க. சன்னல் சாத்தின குளிர்கால வீட்டுல அந்த வாடை ஒரு வாரம் நிக்கும், சுத்தம் பண்ணத் தனிக் கட்டணம் போடுவாங்க. ஊர்லயே நெத்திலியை வறுத்து, முண்டு மிளகாய், பூண்டு, புளியோட இடிச்சுப் பொடியாக்கி, காத்து உறிஞ்சி ஒட்டுற பொட்டலமா ரெண்டு அடுக்குல போட்டுக்கோங்க. அரைக் கிலோ அஞ்சு பேருக்கு ஒன்பது நாளுக்குக் காணும். பொட்டலத்து மேல ஆங்கிலத்துல உலர் மீன் பொடின்னு எழுதி ஒட்டுங்க, சுங்கத்துல கேட்டா மறைக்காமச் சொல்லுங்க.

பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், எலுமிச்சை, காய்கறி எதுவும் தாவர நலச் சான்றிதழ் இல்லாம விட மாட்டாங்க. விதிவிலக்கு அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை அஞ்சுக்கு மட்டும்தான். தொதல் கொண்டுபோங்க. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் மாவும்தானே, பால் கலக்காதது, குளிர்ல இன்னும் இறுகி நல்லா நிக்கும். பிள்ளைங்க பையில ஆளுக்கு நாலு துண்டு இருந்தா வரிசையில நிக்கும்போது உதவும். கிளிஞ்சல், பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரைன்னு யாருக்கும் அன்பளிப்பா எடுத்துட்டுப் போயிடாதீங்க. நம்ம வனவிலங்குச் சட்டத்துலயும் குற்றம், அங்கேயும் பறிமுதல்.

குக்கர் கொண்டுபோறதா இருந்தா மின்சாரம் 230 வோல்ட், நம்ம ஊர் மாதிரியேதான். நம்ம மூணு குச்சி பிளக் மட்டும் நுழையாது, மாற்றி (அடாப்டர்) வேணும். மெல்லிய ரெண்டு குச்சி சார்ஜர் அப்படியே நுழையும்.

ஏர்வாடி தர்கா ரோடு

காக்கா, சந்தையில ஹலால்னு நம்பிச் சாப்பிட என்ன இருக்கும்? தொழுகை நேரம் எப்படி? எங்களுக்கு டிசம்பர் 10-க்கே கிளம்ப வாய்ப்பு இருக்கு, அப்ப எந்த ஊர் நல்லது?

கீழக்கரை வடக்குத்தெரு

தம்பி, சந்தைக் கடையில தொத்திறைச்சி பெரும்பாலும் பன்றி. அதைத் தொடாதீங்க, அதே தட்டுல பொரிக்கிறதையும் விடுங்க. பாதுகாப்பானது சுட்ட கஷ்கொட்டை (மரோனின்னு கேளுங்க), வேகவச்ச மக்காச்சோளம், சர்க்கரைப் பாகுல வறுத்த பாதாம், ப்ராக்ல கம்பியில சுத்திச் சுடுற ட்ரதெல்னிக் இனிப்பு ரொட்டி. உருளைக்கிழங்கு அடை கார்டோஃபெல்புஃபர், பொரிச்ச மாவு லாங்கோஷ் ரெண்டும் பாக்க மரக்கறி மாதிரி இருக்கும். சில கடையில பன்றிக் கொழுப்புல பொரிப்பாங்க, எந்த எண்ணெய்னு கேட்டுட்டு வாங்குங்க. பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லேங்கிற நூடுல்ஸ்ல பன்றி வத்தல் தூவுவாங்க. ஷ்பெக்னு எழுதியிருந்தா அதுதான். ஆவி பறக்கிற சிவப்புப் பானம் க்ளூவைன், அது ஒயின். பிள்ளைங்களுக்கு கிண்டர்புன்ஷ்னு கேளுங்க, பழச்சாறும் பட்டை கிராம்பும்தான், மது கிடையாது. குவளைக்குத் தனியா சில யூரோ முன்பணம் வாங்குவாங்க. குவளையைத் திருப்பிக் கொடுத்தா பணம் வரும், கொடுக்காட்டி குவளை உங்களுது.

தொழுகை விஷயத்துல பகல் குறுகினது முக்கியம். லுஹர் (நண்பகல் தொழுகை) 12 மணியை ஒட்டி, அஸர் (பிற்பகல்) 2-ஐ ஒட்டி, மஃரிப் (சூரியன் அடைஞ்சதும்) நாலு மணிக்கு மேல. நாலு மணி நேரத்துக்குள்ள மூணு வக்து (தொழுகை வேளை) வந்துடும், அதைச் சுத்தியே ஊர் சுத்துறதை அமைச்சுக்கணும். ஃபஜ்ருக்கு (விடியல் தொழுகை) அவசரமே இல்ல, சூரியன் எழும்ப மணி எட்டாயிடும். வியன்னாவுல டான்யூப் ஆத்துக்கு அந்தப் பக்கம் 1979-ல திறந்த இஸ்லாமிய மையம் இருக்கு, யு6 மெட்ரோவுல நோயெ டோனாவ் நிலையம். துருக்கிக் கடைகள் நகரம் முழுக்க உண்டு, திருநாள் அன்னிக்கும் பல கடை திறந்திருக்கும்.

டிசம்பர் 10-க்குப் போறீங்கன்னா மேல பாம்பன் அண்ணன் தள்ளிவச்ச ஊர் எல்லாம் உங்களுக்குத்தான். ஜெர்மனியில ட்ரெஸ்டன் சந்தை 1434-லேருந்து நடக்குது, ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570-லேருந்து. நியூரம்பெர்க்ல மரப்பொம்மை, இஞ்சி ரொட்டி. சனி, ஞாயிறு மட்டும் இந்த ஊர்களுக்கு வேண்டாம், நெரிசல்ல பிள்ளைங்களுக்கு ஆள் முதுகுதான் தெரியும். செவ்வாய், புதன் மதியம் மூணு மணிக்குப் போய் விளக்கு எரியிறதைப் பாத்துட்டு ஆறுக்குள்ள வந்துடலாம். ப்ராக் போனா 20-ஆம் தேதியை ஒட்டிப் பாருங்க, தெருவுல நீலத் தொட்டி நிறைய உயிர்க் கெண்டை விப்பாங்க. கிறிஸ்துமஸ் ராத்திரிச் சாப்பாடு அவங்களுக்கு அதுதான். குளத்து மீன், முள் அதிகம், நம்ம நாக்குக்கு மண்வாசம் தட்டும். தராசும் வெட்டுப்பலகையும் செதில் சீவுற கையும் பாக்கவே நிக்கலாம்.

பதில் 5: பாம்பன்கரை

தங்கச்சி, விட்டுப்போனதைச் சொல்லிடுறேன்.

வியன்னா விமான நிலையத்துலேருந்து பச்சை நிறத் தனி ரயில் ஒண்ணு கண்ணுல படுற மாதிரி விளம்பரம் இருக்கும், அது விலை கூடுதல். எஸ்7 புறநகர் ரயில் நகர மையத்து வீன் மிட்டே நிலையத்துக்கு 25 நிமிஷத்துல போயிடும். மத்திய நிலையத்துக்குப் போறதா இருந்தா ரயில்ஜெட் விரைவு ரயில்ல கால் மணி நேரம். 25 காலையில ஷ்யோன்ப்ரூன் வைங்க. அரண்மனை வருஷம் 365 நாளும் திறந்திருக்கும், கடை மூடின நாளுக்கு அதுதான் சரி. நகரமன்றச் சந்தையை 26-க்குள்ள முடிச்சிடுங்க. கலை வரலாற்று அருங்காட்சியகத்துல 19 வயசுக்குக் கீழ இலவசம்.

27-ல சால்ஸ்பூர்க் ஒருநாள் போய்வாங்க. ரயில் ரெண்டரை மணி நேரம். அங்கேருந்து உள்ளூர் ரயில்ல அரை மணி நேரத்துக்குள்ள ஓபெர்ன்டோர்ஃப். ‘அமைதியான இரவு’ பாட்டை 1818 டிசம்பர் 24 ராத்திரி முதல்முதலா பாடினது அந்த ஊர்க் கோயில்லதான். சொல் எழுதினது யோசேஃப் மோர் சாமியார், மெட்டு ஃபிரான்ஸ் குரூபர். பழைய கோயில் இப்ப இல்ல, அதே இடத்துல சின்னச் சிற்றாலயம் இருக்கு, இருபது பேர் நின்னா நிறைஞ்சிடும். அம்மாவுக்குப் பிடிக்கும்.

ரயில் டிக்கெட்டுக்கு ஒரு நுணுக்கம். டிசம்பர் இரண்டாவது சனி நள்ளிரவுல ஐரோப்பா முழுக்கக் கால அட்டவணை மாறும். அதனால அதுக்குப் பிறகான நாளுக்கு விற்பனை சில வழித்தடத்துல தாமதமாத் திறக்கும். ஆகஸ்ட்ல தேடிக் காணோம்னு பயப்பட வேண்டாம், அக்டோபர்லேருந்து பாருங்க. ஆஸ்திரிய ரயில்வேயில ஷ்பார்ஷீனேங்கிற மலிவு டிக்கெட் முதல்ல வர்றவங்களுக்கு, அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். டிக்கெட் இருந்தாலே இருக்கை இருக்குன்னு அர்த்தம் இல்ல. திருநாள் வாரத்துல தனியா சில யூரோ கட்டி அஞ்சு இருக்கையும் பதிவு பண்ணிடுங்க. வியன்னா–ப்ராக் நாலு மணி நேரம், ப்ரனோ வழியா. பெட்டியை நீங்களேதான் ஏத்தணும், போர்ட்டர் கிடையாது. அதனால ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, யாராலும் தூக்க முடியாத பெரிய பெட்டி ஒண்ணுகூட வேண்டாம்.

ப்ராக்ல ட்ராம், பஸ்ல காகித டிக்கெட்டை ஏறினதும் மஞ்சள் பெட்டியில நுழைச்சு முத்திரை குத்தணும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்ல, பரிசோதகர் சாதாரண உடையில வந்து அபராதம் போடுவாங்க. வியன்னாவுலயும் முத்திரை குத்தாத ஒற்றைப் பயணச் சீட்டுக்கு இதே விதி.

செக் நாட்டுல யூரோ இல்ல, கொருனா. தெருவோர ஏடிஎம்லயோ கடைக் கருவியிலயோ 'ரூபாயில கழிக்கவா, உள்ளூர்ப் பணத்துல கழிக்கவா'ன்னு கேட்டா எப்பவும் உள்ளூர்ப் பணம்னு அமுக்குங்க. ரூபாயை அமுக்கினா அந்தக் கருவிக்காரர் வைக்கிற மாற்று விகிதம்தான், நூத்துக்கு அஞ்சு பத்து அதிகம் போயிடும். நாணயம் கொஞ்சம் கையில வேணும், ரயில் நிலையக் கழிப்பறைக்கும் சந்தைக் குவளைக்கும்.

31 ராத்திரி பழைய நகரச் சதுக்கத்துல பட்டாசும் குடியும் நெரிசலும். சின்னவனையும் அம்மாவையும் வச்சுக்கிட்டு எட்டு மணிக்கு மேல அங்க நிக்காதீங்க. சதுக்கத்தை 30 காலையில பாருங்க. 1410-ல செஞ்ச வானியல் கடிகாரத்துல மணிக்கு ஒருதடவை அப்போஸ்தலர் பொம்மைகள் சன்னல்ல வரிசையா வருவாங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் பிள்ளைங்களை முன்வரிசையில நிறுத்துங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாம முடிஞ்சிடும், செல்போனைத் தேடிக்கிட்டிருந்தா போச்சு.

1-ஆம் தேதி விமான நிலையத்துக்கு பச்சை மெட்ரோ ஏ-யில நாத்ராஜி வெலெஸ்லவீன் வரைக்கும், அங்கேருந்து 59-ஆம் எண் டிராலி பஸ். விமான இறக்கையில பனி உருக்கித் தெளிச்ச பிறகுதான் கிளப்புவாங்க, அரை மணி நேரம் தாமதம் சாதாரணம். இடையில மாறுற விமானத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா இணைப்பு எடுக்காதீங்க. சென்னை வந்து ஊருக்கு ரயிலை 2-ஆம் தேதி ராத்திரிக்கே போடுங்க. அன்னிக்குக் காலையில இறங்கினாலும் சரி, மதியம் இறங்கினாலும் சரி, ரயில் தப்பாது.